செயப்பாட்டு வருமானம்

2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, இடையஞ்சாவடியைத் தாண்டியுள்ள 'செம்மண் சோலை' என்னும் விருந்தினர் மாளிகையின் வாயிலில், அந்த மனையில் நாற்பது சதுர அடி தனக்கு உரியது என்று நம்பி வந்த ஒரு பெண்மணி உள்ளே விடப்படவில்லை. இதுவே என் முறையீடு. 'விடப்படவில்லை' என்று நான் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். மரக்காணத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். தேவையில்லாத இடத்தில் செயப்பாட்டு வினையை எழுதும் மாணவரின் தாளில் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் 'யாரால்?' என்று கேட்பது என் வழக்கம். இம்முறை அந்த வட்டத்தை யாரைச் சுற்றிப் போட வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பொங்கல் கழிந்த வாரம், பேருந்து நிலையத்துக்கு எதிரே புதிதாக அலுவலகம் திறந்திருந்த தேவா என்பவர், அச்சுக்குப் போக வேண்டிய துண்டறிக்கை ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். மாளிகையும் மனையும் ஒரு நிறுவனத்துடையவை. மனையின் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஒரு டோக்கன் என்று வைத்து, அதைக் கிரிப்டோவைப் போலக் கணினியில் பதிந்து விற்கிறார்கள். வாங்கியவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மாளிகையில் ஆட்கள் வந்து தங்கத் தங்க, வாடகையில் அவருடைய பங்கு ஒரு நாணயமாகக் கைப்பேசிக்கு வந்து சேரும். அந்த நாணயத்தைக் கண்ணால் காண இயலாது. அதன் விலை காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று. இவ்வளவையும் ஒரே மூச்சில் விளக்கிவிட்டு, தேவா தாளை நீட்டினார். தலைப்பில் 'செயப்பாட்டு வருமானம் பெருங்கள்' என்று இருந்தது. பெறுவதற்கு வல்லின றகரம் என்பதுகூடத் தெரியாதவர்கள் நிலம் விற்கக் கிளம்பிவிட்டார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. செயப்பாட்டு என்பது வினைக்கு வரும். வருமானத்துக்கு எப்படி வரும் என்று கேட்டேன்.

"பாசிவ்னா தமிழ்ல அதான சார்? எங்க அண்ணனுக்கு நீங்கதான் நடத்துனீங்களாம்."

'உழையா வருமானம்' என்று மாற்றச் சொன்னேன். அப்படிப் போட்டால் திருட்டுக் காசு என்று நினைத்துக்கொள்வார்கள் என்று அவர் மறுத்துவிட்டார். தலைப்பை விட்டுக்கொடுத்தேன், றகரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு நாள் மாலைகளில் ஐம்பத்து மூன்று பிழைகளைத் திருத்தினேன். ஒற்று மிக வேண்டிய இடங்களில் மிகவைத்தேன்; பிரிந்து கிடந்த சொற்களைச் சேர்த்தேன். கூலி வேண்டாம் என்றதற்கு, தேவா என் கைப்பேசியில் எதையோ தட்டிப் பன்னிரண்டு டோக்கன்களை ஏற்றிவிட்டுப் போனார். நான் அதன்பின் அதைத் திறந்து பார்க்கவே இல்லை.

அந்தோணியம்மாள் எங்கள் தெருவின் கடைசியில், உப்பளத்தை ஒட்டிய புறம்போக்கில் குடியிருப்பவர். கணவர் இல்லை, மகள் திருப்பூரில் இருக்கிறாள். முப்பது ஆண்டுகளாகப் பாத்தியில் உப்பு வாருகிறார். அவருடைய வீட்டு மனைக்குப் பட்டா கேட்டு இதுவரை பதினொரு மனுக்களை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்த பதில்கள் எல்லாவற்றிலும் 'பரிசீலிக்கப்படும்' என்று இருந்தது. அவருக்கு வேண்டியது பட்டாகூட இல்லை. ஒரு முருங்கை மரம். வீட்டைச் சுற்றியுள்ள மண் வெயில் ஏறினால் வெள்ளை பூத்துவிடும். ஏழு முறை முருங்கைக் கிளை நட்டிருக்கிறார். ஏழும் இரண்டு துளிர் விட்டுக் கருகிப்போயின. திருமணத்துக்கு முன்பு ஆரோவில் பக்கம் கட்டட வேலைக்குப் போனபோது, வேலிக்கென்று யாரோ ஒடித்து நட்ட குச்சி அந்தச் செம்மண்ணில் பத்தே நாளில் தழைத்ததைப் பார்த்தாராம். அதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம், வெடித்துத் தழும்பேறிய தம் உள்ளங்கால் ஒன்றை மற்றக் காலால் தேய்த்துக்கொள்வார். அந்த மண் இன்னும் அங்கே ஒட்டியிருப்பதைப் போல.

பிப்ரவரியில் அவர் அந்தத் துண்டறிக்கையோடு என் வீட்டுக்கு வந்தார். முகப்பில் செம்மண் தரையின் வண்ணப்படம் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியும். ஆனாலும் வாத்தியார் வாயால் கேட்டால்தான் நம்புவார். 'நிலத்தின் பங்கு உங்களுக்கு உரியதாகும்' என்ற வரியில் விரல் வைத்தார். நான் குரலைச் சற்று உயர்த்தியே படித்தேன். நான் செப்பமிட்ட வரி அல்லவா?

"நெலம்னா மண்ணுதான சார்?"

"மண்ணேதான்," என்றேன்.

மறுவாரம் சீட்டு எடுத்து, நாற்பது டோக்கன் வாங்கிவிட்டார். வேலை செய்யாமல் காசு வரும் என்று தேவா சொன்னதை அவர் பொருட்படுத்தவே இல்லை. காசைப் பார்க்கும் பக்கத்தை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. கைப்பேசியை முந்தானையால் துடைத்துவிட்டு, அந்தச் செம்மண் படத்தை மட்டும் பார்ப்பார். என்னிடம் பன்னிரண்டு இருப்பதை அறிந்ததிலிருந்து என்னைக் கேலி செய்யத் தொடங்கினார். பால் வாங்கப் போகும்போது, தெருவே கேட்கும்படி, "இன்னா பக்கத்து மனைக்காரரே, எம் மரத்து நெழலு உங்க மனையில வுழுந்தா சண்டைக்கு வருவீங்களா?" என்பார். மனைவி இறந்து ஆறு ஆண்டுகளாக என்னை அப்படி உரிமையோடு யாரும் அழைத்ததில்லை. 'காய்த்தால் எனக்குப் பாதி' என்று ஒருநாள் பதில் சொன்னேன். அன்று முழுவதும், என்னுடையது என்று சொல்லப்பட்ட பன்னிரண்டு அடியில் ஒரு நாற்காலி போட முடியுமா, போட்டால் எந்தப் பக்கம் பார்த்து உட்காரலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறன்று பூசை முடிந்ததும் அவர் என்னை அழைத்தார். கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு முருங்கைக் கிளை. அடிப்பக்கம் ஈரச் சாக்கால் சுற்றியிருந்தது. பேருந்தில் அதை மடியில் கிடத்திக்கொண்டார். பொம்மையார்பாளையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தோம். மண் சிவக்கத் தொடங்கிய இடத்தில் அவர் ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார்.

வாயிற்காவலர் பச்சமுத்து மரியாதை தெரிந்தவர். எந்த அறைக்கு முன்பதிவு என்று கேட்டார். அறை வேண்டாம், எங்கள் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். நான் நீட்டிய துண்டறிக்கையை வாங்கிப் பார்த்துவிட்டு, இதுபோல யாரும் வந்ததில்லையே என்று தலையைச் சொறிந்தார். முன்பதிவு இல்லாதவரை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு. நான் தேவாவைக் கைப்பேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் போட்டேன். அந்தோணியம்மாளே பேசினார்.

"தம்பி, என் நாப்பது எந்தப் பக்கம்? கேட்டுகிட்டயா, கெணத்துகிட்டயா?"

"அப்படி பக்கம்லாம் கெடையாதுக்கா. மொத்தத்துலயும் இருக்குது. தனியா எங்கயும் இல்ல."

"எங்கயும் இல்லாத எடத்துக்கா ஆறு மாசமா வாடகை வர்றது?"

பச்சமுத்து சிரித்துவிட்டார். அந்தோணியம்மாள் சிரிக்கவில்லை. மதில் ஓரமாக நடந்துபோய், கம்பிக் கதவின் இடுக்கில் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுச் சீறினேன். நிலத்தின் பங்கு என்று அச்சிட்டுவிட்டு இப்போது இடமே இல்லை என்பது மோசடி அல்லவா என்றேன்.

"சார், கோச்சிக்காதீங்க. நாங்க எழுதிக் குடுத்தது 'நிலத்தின் மதிப்பின் பங்கு'. இங்கிலீஷ்லயும் அப்படித்தான் இருக்குது. 'மதிப்பின்'ன்றத அடிச்சது நீங்க. நல்லாத்தான் இருக்குதுன்னு நானும் வுட்டுட்டேன்."

எனக்கு நினைவு வந்தது. அடுத்தடுத்து இரண்டு 'இன்' வந்து செவிக்கு உறுத்தியது. ஒன்றைக் கோடிட்டு நீக்கினேன். ஒரு சொல் நீக்கப்பட்டது என்று எழுதத்தான் கை போகிறது. இல்லை, நான் நீக்கினேன். எழுவாய் நான்.

கம்பி இடுக்கில் தெரிந்த தரை உண்மையாகவே அந்தப் படத்தில் இருந்ததைப் போலச் சிவந்திருந்தது. யாரோ காலையில் பெருக்கிய விளக்குமாற்றின் கோடுகள் அதில் கலையாமல் இருந்தன. அந்தோணியம்மாள் பச்சமுத்துவிடம் மெல்ல ஏதோ கேட்டார். அவர் தயங்கி, "செவுத்துக்கு வெளிய இருக்கறது எங்க கம்பெனிது இல்லீங்க, ரோடு. அங்க நட்டா நான் கேக்க மாட்டேன்," என்று சொல்லி, ஒரு கடப்பாரையும் பிளாஸ்டிக் வாளியில் நீரும் கொண்டுவந்து கொடுத்தார். அந்தோணியம்மாள் என்னைத் தோண்ட விடவில்லை. குழி தோண்டி, கிளையை நட்டு, காலால் மண்ணை மிதித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் மிதித்தார். வேண்டிய அளவுக்கு மேலாகவே மிதித்தார். இந்த மாதக் கடைசியோடு தனக்கு இங்கே வேலை முடிகிறது, அதுவரை நீர் ஊற்றுகிறேன் என்றார் பச்சமுத்து.

திரும்பும் பேருந்தில் சொல்லிவிட்டேன். அந்தத் தாளில் ஒரு சொல் இருந்தது, அதை எடுத்தவன் நான், அது இருந்திருந்தால் அது நிலம் இல்லை என்று உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பளம் தொடங்கிவிட்டது, வெயிலில் கண் கூசியது.

"எவ்ளோ பெரிய வார்த்தை சார் அது?"

"ஐந்து எழுத்து."

மடியில் கிடந்த வெற்றுச் சாக்கை நாலாக மடித்தார். "நீங்க அத எடுக்கலன்னா நான் வாங்கியிருக்கவே மாட்டேன். ஆறு மாசம் எனக்கு நெலம் இருந்துச்சு சார்," என்றார். பேருந்து மரக்காணம் வந்து சேர்ந்தது. இறங்கும்போது, பக்கத்து மனைக்காரரே என்று அழைப்பார் என்று காத்திருந்தேன். "வர்றேன் சார்," என்றார்.

இன்று செப்டம்பர் பதினான்கு. பச்சமுத்து போய்விட்டார். நான் முழங்கால் வலியோடு இரண்டு முறை போய்வந்தேன். பட்டையைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருக்கிறது, துளிர் வரவில்லை. அந்தோணியம்மாளுக்கு இனி உப்பு வாரும் பருவம் முடியும்வரை ஞாயிறுகூட ஓய்வு இல்லை. ஆகவே இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன். துண்டறிக்கை உங்களிடம் இருந்தால் பேனாவை எடுத்து, 'நிலத்தின்' என்பதற்கும் 'பங்கு' என்பதற்கும் நடுவே நான் நீக்கிய சொல்லை எழுதுங்கள். அந்தச் சாலையில் போகிறவராக இருந்தால், கதவுக்கு இடப்புறம், மதிலுக்கு வெளியே, செம்மண்ணில் முழங்கை உயரத்துக்கு ஒரு குச்சி நிற்கும். அதைச் சுற்றி வெறுங்காலின் தடங்கள் இன்னும் இருக்கலாம். வண்டியை நிறுத்துங்கள். நீர் ஊற்றப்பட வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். நீங்கள் ஊற்றுங்கள்.