விலைக்கு வந்த அக்கார்டியன்

திரைச்சீலைக் கடைக்காரருக்குத் தெருவில் பெயர் ‘கட்டுப்படியார்’. யார் என்ன விலை கேட்டாலும் முதல் பதில் “கட்டுப்படியாகாதுங்க” என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பல் டாக்டர் வாய்க்குள் குறடு விட்ட பிறகும் அவர் அதைச் சொல்ல முயன்றதாக ஒரு பேச்சு உண்டு. பொய்யாக இருக்கலாம். ஆனால் கேட்டவர் யாரும் நம்பாமல் இருந்ததில்லை.

கடைக்கு நேர் மேலே வீடு. சுவருக்கு வெள்ளையடிக்க அலமாரியை நகர்த்தியபோது, அதன் தலையில் பல வருஷமாகக் கிடந்த கறுப்புப் பெட்டி கீழே இறங்கியது. உள்ளே அவர் மனைவியின் அக்கார்டியன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நடனப் பள்ளியில் பிள்ளைகள் ஆட, அவள் மடியில் வைத்து வாசித்தது. வெள்ளைக் கட்டைகள் பழுத்த பல்லாக மஞ்சளித்திருந்தன. சிவப்புப் பூச்சு அங்கங்கே பெயர்ந்திருந்தது.

ரிப்பேர்க்காரர் வந்து துருத்தியை இழுத்துப் பார்த்தார். ஆஸ்துமாக்காரர் மாடி ஏறியதுபோல அது மூச்சு வாங்கியது. மடிப்பு மூலைகளில் ஓட்டை. உள்ளே சுரம் எழுப்பும் உலோக நாக்குகளைப் பிடித்திருந்த மெழுகு காய்ந்து உதிர்ந்திருந்தது. தோள்வார் தொட்டதும் பொடியாகக் கையோடு வந்தது.

“சரி பண்ணிடலாம். ஆனா மறைக்காம சொல்லிடறேன். வேலையெல்லாம் முடிச்சு இதை வித்தீங்கன்னா எனக்குக் குடுத்த கூலிகூடத் தேறாது. இப்படியே வித்தா யாராவது அலங்காரத்துக்கு வாங்கிட்டுப் போவாங்க. யோசிச்சுச் சொல்லுங்க.”

அவர் போனதும் மனைவி கேட்டாள். “என்னங்க செய்யலாம்?”

அங்கேதான் கட்டுப்படியார் சறுக்கினார்.

அவருக்கு அது வேண்டும். அவள் மறுபடி வாசிக்க வேண்டும், தான் கேட்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். வேறு யாராக இருந்தாலும் அதை அப்படியே சொல்லிவிட்டுக் காபி கேட்டிருப்பார்கள். ஆனால் இவர் தவழ்ந்ததே கல்லாப்பெட்டிக்கு அடியில். வேண்டிய சாமானைக் கண்ணெடுத்துப் பார்க்காமல், பக்கத்துச் சாமானை விலை கேட்கிற பரம்பரை. அதனால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“உன் இஷ்டம். வித்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல.”

இப்போது எதிராளி ஒரு படி இறங்கி வர வேண்டும். “ஐயையோ, அதைப் போய் எப்படிங்க விக்கிறது?” என்று அவள் பதற வேண்டும். இவர் பெரிய மனசு பண்ணி, “சரி சரி, உனக்காக” என்று முடிக்க வேண்டும். கணக்கு கச்சிதம். ஒரே ஒரு குறை, அவள் தபால்காரர் மகள். மேலே என்ன விலாசம் எழுதியிருக்கிறதோ அதுதான் அவர்கள் வீட்டில் விலாசம்.

“சரி” என்று பெட்டியை மூடினாள்.

மறுநாள் காலையில், மனைவி சொல்லியனுப்பியிருந்த பழைய சாமான் வாங்குகிற அம்மாள் மாடியேறி வந்து நின்றாள். கனத்த உடம்பு, நெற்றிமேல் ஏற்றிவிட்ட கண்ணாடி, வந்த வீட்டை ஒரே சுற்றில் எடைபோடும் பார்வை.

“அண்ணே, சாமான் எங்க?”

கட்டுப்படியாருக்கு வந்தவளை விரட்ட வேண்டும், ஆனால் தான் விரட்டியதாகவும் தெரியக்கூடாது. சாமானைத் திட்டினால் போய்விடுவாள் என்று ஆரம்பித்தார்.

“அதை ஏம்மா கேக்கறீங்க. துருத்தி முழுக்க ஓட்டை. இழுத்தா வெறும் காத்துதான்.”

“அப்படியா?”

“பாதிக் கட்டை அமுங்கினா எழும்பாது. உள்ள எலி குடித்தனம் பண்ணியிருக்கு.” எலி அந்த நிமிஷம்தான் பிறந்தது.

அந்த அம்மாள் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். தன் பொருளைத் தானே தூற்றுகிற வியாபாரியை அவள் ஆயுசில் பார்த்ததில்லை.

“கடைக்காரரே இப்படித் திட்டறாருன்னா உள்ள ஏதோ விசேஷம் இருக்கு. என்னை என்ன பச்சப்புள்ளைன்னு நெனச்சீங்களா?” என்று ஒரு விலை சொன்னாள். நல்ல விலைதான்.

“ஐயோ, அவ்வளவு பெறாதும்மா!”

அவள் இன்னும் ஏற்றினாள். அவர் பூச்சைத் திட்டினார், அவள் ஏற்றினாள். பெட்டியின் பூட்டைத் திட்டினார், அதற்கும் ஏற்றினாள். வாழ்நாளெல்லாம் கனவு கண்ட பேரம் கைமேல் நடக்கிறது, மனுஷருக்கோ வியர்த்துக் கொட்டுகிறது. கடைசியில் வாய் தவறிப்போய் அதையும் சொல்லிவிட்டார்.

“சத்தமும் அப்படி ஒண்ணும் கேக்கற மாதிரி இருக்காது.”

சமையலறை வாசலில் நின்ற மனைவி மெதுவாக வந்து பெட்டியருகே உட்கார்ந்தாள். கையிலிருந்த துண்டால் கட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள், பிள்ளையை ஊருக்கு அனுப்புமுன் முகம் துடைத்துவிடுவதுபோல.

“குடுத்துடுங்க. கேக்கவே பிடிக்காதவங்க வீட்டுல அது எதுக்கு?”

கட்டுப்படியார் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டார்.

“இல்ல. எனக்கு வேணும்.”

“பாத்தீங்களா, ஏத்தறாரு பாருங்க” என்றாள் வந்தவள்.

“விலைக்குச் சொல்லலம்மா. நெஜமாவே வேணும்.”

மனைவி நிமிர்ந்தாள். “உங்களுக்கு எதுக்குங்க? நான் வாசிக்க உக்காந்தா நீங்க மாடிக்கே வரமாட்டீங்க. கடையைச் சாத்தின பிறகும் கீழயே கெடப்பீங்க. தலைவலின்னு நெனச்சுதானே நான் எடுத்து மேல வெச்சேன்!”

அவர் அவளையே பார்த்தார்.

“நான் மேல வந்தா நீ நிறுத்திட்டு சோறு போட எழுந்துடுவ. அதான் வரல. கீழ உக்காந்து ஒரே துணியைப் பிரிப்பேன், மடிப்பேன், மறுபடி பிரிப்பேன். அந்த நீலக் கட்டு மடிச்சு மடிச்சே நைஞ்சுபோச்சு. விக்கவே முடியல.”

“இதை வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன?”

“சொல்லியிருக்கலாம்...”

“சொன்னா என்ன, நான் விலையை ஏத்திடுவேனா?”

வந்த அம்மாள் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தாள். “எனக்கு இங்க வேலை இல்ல. அண்ணி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க. இனிமே இவரு எதையாச்சும் திட்டினா, அதைப் பத்திரமா எடுத்து வெச்சுக்கங்க.” படியிறங்கும்போது குரல் மட்டும் திரும்பி வந்தது. “அண்ணே, எலியைக் கேட்டதா சொல்லுங்க!”

பிறகு மனைவி, “ரிப்பேர்க்காரர் சொன்ன கூலி ரொம்ப அதிகமாச்சே” என்றாள்.

“கேட்டதைக் குடுத்துடலாம்.”

அவள் எட்டி அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். சுரம் இல்லை.

“துருத்தியும் நாக்கும் மட்டும் சரி பண்ணட்டும். வாரும் புதுசா போடட்டும். வெளியில இருக்கற பூச்சு இப்படியே இருக்கட்டும், என்ன?”

“உன் இஷ்டம்” என்று பழக்கதோஷத்தில் சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினார். “எனக்கும் அப்படித்தான் பிடிக்கும்.”

அவள் அக்கார்டியனை மடியில் ஏற்றினாள். தோள்வார் இல்லாததால் அது சரிந்தது. அவர் எதிரே தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அடியில் தாங்கிக்கொண்டார். அவள் துருத்தியை இழுத்தாள். ஓட்டைகள் வழியாகக் காற்று சீறி அவர் முகத்தில் அடித்தது, கூடவே வெகுநாள் தூசியும். தும்மிக்கொண்டே கெட்டியாகப் பிடித்திருந்தார். அவள் விரல்கள் உயிருள்ள கட்டையைத் தேடித் தேடித் தடவின. ஒன்று ஊமை, அடுத்ததும் ஊமை. மூன்றாவது மெலிதாக, நடுங்கி, ஆனால் சுத்தமாக எழுந்தது.

கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். “அண்ணே! கடையில யாருமில்லையா? திரைக்குத் துணி வேணும்!”

அவள் விரலை எடுத்தாள். “ஆளு வந்திருக்கு, போங்க.”

“நீ நிறுத்தாத” என்றார் அவர்.