மூன்றாவது டேப்பெட்

...இல்லை, கொஞ்சம்கூட இல்லை, இரண்டாவது கியரில் இல்லை, மூன்றாவதில் இல்லை, இதோ நாலாவதும் போட்டாயிற்று, இப்போதும் இல்லை, எட்டு மாதமாக அவள் உயிரை வாங்கிய அந்த டிக் டிக் டிக், பக்கத்து அறையில் யாரோ தையல் இயந்திரம் ஓட்டுவதைப் போல எஞ்சினுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்த அந்தச் சத்தம் போன இடம் தெரியவில்லை, போகாமல் என்ன செய்யும், முப்பத்துமூன்று வருடமாக எத்தனை ஆயிரம் வாய்களுக்குள் போய் வந்த கை இது, கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தைக் கண்ணால் பார்க்காமலே தடவிச் சரிசெய்கிற பல் டாக்டருக்கு எட்டு வால்வு எம்மாத்திரம்... பக்கத்து இருக்கையில் அவள் கணவர் தொப்பி பறக்காமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கூரையை மடித்துவிட்டால் இந்த வண்டியில் அவருக்கு எப்போதும் அந்த ஒரு போஸ்தான், சத்தம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை கேட்கலாமா, வேண்டாம், வீட்டு வாசலைத் தாண்டியதிலிருந்து மூன்று தடவை கேட்டாயிற்று, மூன்று தடவையும் அவர் இல்லை என்று தலையாட்டியாயிற்று, நாலாவது தடவை கேட்டால் மனுஷன் எரிந்து விழுவார். நகரத்தின் கடைசி சிக்னலும் பின்னால் போய்விட்டது, இனி நாற்பது கிலோமீட்டர், பாதி சமதளம், பாதி மலை, உச்சியில் நீர்த்தேக்கம்.

நாற்பது கிலோமீட்டரும் சத்தம் வராமல் ஓடினால் வண்டி அவளுடையது, வந்தால் ஓட்டல்காரருடையது, ஒப்பந்தம் அவ்வளவுதான், அதைப் போட்டதும் அவளேதான், யாரைக் குறை சொல்வது? போன வருடம் மூன்று தடவை நடுவழியில் நின்றது, மூன்றாவது தடவை பாலத்தின் நட்டநடுவில், பின்னால் பேருந்துகள் ஹாரன் அடிக்க அவர் மூட்டுவலியோடு இறங்கித் தள்ளினார், வீட்டுக்கு வந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, "இது காரா, இல்ல நாம பெத்த மூணாவது புள்ளையா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகுதான் இந்த டிக் டிக் ஆரம்பித்தது. மெக்கானிக் அண்ணன் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார், வால்வை அமுக்குகிற குட்டிக் கை ஒன்று தேய்ந்துவிட்டதாம், அந்தச் சாமானை இப்போது யாரும் செய்வதில்லையாம், அப்படியே விட்டால் ஒருநாள் ஓடும்போதே உடைந்து எஞ்சினைக் காலி செய்துவிடுமாம். அந்தக் கைக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்வதுதான் டேப்பெட் வைப்பது, அன்று சாப்பாட்டு மேசையில் வீராப்பாகச் சொல்லிவிட்டாள், "நானே டேப்பெட் வெச்சுக் காட்டறேன், அதுக்கப்புறமும் சத்தம் வந்தா நானே சாவியக் குடுத்துடறேன்." அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

ஓட்டல்காரர் அவளிடம் வேர் சிகிச்சை செய்துகொண்டவர், நல்ல மனிதர்தான், வாயில் பஞ்சு வைத்திருந்த நேரத்திலேயே வண்டியைக் கேட்டுவிட்டார், வரவேற்பறையில் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தப் போகிறாராம், சுற்றிலும் சிவப்புக் கயிறு, சக்கரத்துக்கு அடியில் கட்டை, "எஞ்சின் எதுக்கு டாக்டர், இறக்கி வெச்சுட்டே குடுங்க, மார்பிள்ள எண்ணெய் சொட்டும்." எஞ்சின் எதுக்கு... அதைக் கேட்டபோது அவர் பல்லையே பிடுங்கிக் கையில் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது, தம்ளர் தண்ணீரில் போட்டுவைத்த பல்செட் மாதிரி என் வண்டி அங்கே நிற்கவா? கல்யாணமாகி நாலாவது வருடம் வாங்கியது, அவளைவிட ஐந்து வயது இளையது, பாட்டில் பச்சை, இரண்டே இருக்கை, நீளமான மூக்கு, கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் சாத்தும், சோக்கை இரண்டு விரல்கடை இழுத்தால்தான் கிளம்பும், முதல் கியருக்கு வண்டி முழுசாக நின்றாக வேண்டும், இதெல்லாம் தெரியாதவன் சாவியைத் தொட்டால் அது அசையாது, அப்படியே கிடக்கும், அந்த விஷயத்தில் அது அவளுடைய மாமியார். பதினோரு மணிக்கு ஓட்டல்காரர் போன் செய்வார், உண்டா இல்லையா என்று கேட்பார், இல்லை என்று சொல்லும் சுகம் இருக்கிறதே, அதற்காகவே இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாம்.

பால்பண்ணை முக்கில் இடது பக்கம் திரும்புகிறாள், வளைவுக்கு முன்னால் கியரைக் குறைத்து, நடுவில் ஒரு மிதி ஆக்ஸிலேட்டரில், பல் சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது உள்ளங்கையில் தெரிகிறது, இது வாய்க்கப் பத்து வருடம் ஆனது, இப்போது யோசிக்கவே வேண்டாம், கால் தானாகச் செய்கிறது... அவர் கை நீண்டு வந்து ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலிருந்த இண்டிகேட்டர் குச்சியை மெல்ல நேராக்கிவிட்டுத் திரும்பிப் போகிறது. இதென்ன புதுப்பழக்கம், இதோடு இன்றைக்கு இரண்டாவது தடவை, ஓய்வு பெற்ற மனிதருக்குக் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, இண்டிகேட்டரின் குட்டி விளக்கு அணைந்து இரண்டு வருடமாகிறது, ஆனால் அது போட்டிருந்தால் தெரியாதா என்ன, டொக் டொக்கென்று சொல்லுமே... சொல்லிற்றா? காற்று, இந்த வேகத்தில் காற்றுச் சத்தம் எதைக் கேட்கவிடும். எதிர்க்காற்றில் யூகலிப்டஸ் வாசனை வருகிறது, மலை ஆரம்பித்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கக் கார் ஷெட்டில், தலையில் கிளினிக் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடது கையில் வாய்க்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடி, வலது கையில் முடியைப் போல மெல்லிய ஃபீலர் கேஜ் தகடு, ஒவ்வொரு வால்வுக்கும் மேலே அந்தத் தகடு லேசாக உரசிக்கொண்டு போய் வர வேண்டும், வெண்ணெயில் கத்தி போகிறாற்போல போனால் இடைவெளி அதிகம், போக மறுத்தால் குறைவு, எட்டையும் ஐந்து தடவை சரிபார்த்தாள். தேய்ந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும், தகடு பள்ளத்துக்குள் இறங்காமல் பாலம் மாதிரி மேலாகவே நின்று உங்களை ஏமாற்றிவிடும் என்று மெக்கானிக் அண்ணன் எச்சரித்திருந்தார்தான், அது அவர் கைக்கு, என் கைக்கு இல்லை. மூடியைப் பூட்டி, ஸ்டார்ட் செய்தால், அடடா, அந்த அமைதி... எஞ்சின் அடித்தொண்டையில் முனகியது, அவ்வளவுதான், மேலே ஒரு சத்தமில்லை. ஷெட் வாசலில் அவர் பேப்பரோடு நின்றிருந்தார். "கேக்குதா, சொல்லுங்க, கேக்குதா?" என்று கத்தினாள். அவர் பேப்பரை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், அப்புறம் பக்கத்தில் வந்து, அவள் முகத்தைப் பார்த்து, "சத்தமே இல்ல," என்றார். முப்பது வருடத்தில் இந்த வண்டியைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை, அன்றைக்கு ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போதெல்லாம் அவர் அப்படித்தான், பேசினால் முகத்தைப் பார்த்தே பேசுகிறார், கல்யாணமான புதிதில் சுவரைப் பார்த்துப் பேசிய மனிதர், வேலையில் இருந்த காலத்தில் பேப்பருக்குப் பின்னாலிருந்து பேசிய மனிதர், வயது போகப்போகப் பிரியம் கூடுகிறதுபோல, கூடட்டுமே, யார் வேண்டாம் என்றது. மற்றவர்களுக்குத்தான் பேச்சே மறந்துவிட்டது, மகள் போனில் முணுமுணுக்கிறாள், வாயைத் திறந்து பேசேன்டி என்றால் கோபம் வருகிறது, நோயாளிகள் பாதியை விழுங்குகிறார்கள், பொருள்கள் மட்டும் பரவாயில்லை, முன்னுக்கு வந்துவிட்டன, கிளினிக்குக்குப் புதிதாக வாங்கிய டிரில் பூனை மாதிரி ஓடுகிறது, அதற்கும்கூட உதவிக்கு இருக்கும் பெண் முகத்தைச் சுளிக்கிறாள், பழைய டிரில் போட்ட கூச்சலைக் கேட்டிருந்தால் ஓடியே போயிருப்பாள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவு, முன்னால் கல் லாரி ஒன்று ஊர்கிறது, டிரைவர் கையை ஆட்டி வழிவிடுகிறார், இரண்டாவது கியர், மிதி, வண்டி எம்பிப் பாய்ந்து லாரியின் மூக்கைக் கடந்து போகிறது, ஐம்பத்துநாலு வயது வண்டி, ஐம்பத்தொன்பது வயது டிரைவர், யாருக்கு வேண்டும் சிவப்புக் கயிறு? அவர் தொப்பியை விட்டுவிட்டுக் கதவைப் பிடித்துக்கொள்கிறார், அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

உச்சி. அணையின் கைப்பிடிச் சுவரோரம் நிறுத்துகிறாள், மணி பதினொன்றுக்குப் பத்து நிமிடம், ஏறிவந்த சூடு தணியட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் விட்டுவைக்கிறாள், உண்மையில் அது சும்மா ஒரு சாக்கு, நின்று ரசிக்கத்தான். அவர் இறங்கி இடுப்பை நிமிர்த்துகிறார். சற்றுத் தள்ளி நின்ற புல்லட்டிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஒருவர் வருகிறார், நரைத்த மீசை, விரல் நகங்களில் கறுப்பு, வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறார், தொடாமல் பார்க்கிறார், விஷயம் தெரிந்தவர்தான். ஏதோ சொல்கிறார், என்ன சொல்கிறார், இவரும் முணுமுணுப்புக் கட்சி. "என்ன சொன்னீங்க?" மீசைக்காரர் குரலை உயர்த்துகிறார். "வண்டியக் கண்ணு மாதிரி வெச்சிருக்கீங்கன்னு சொன்னேன். டேப்பெட் ஒண்ணு மட்டும் அடிக்குது, பாத்துடுங்க."

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. "டேப்பெட்டா? போன வாரம்தான் நான் வெச்சேன். சத்தமே இல்லையே." மீசைக்காரர் அவளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு ஏனோ அவள் கணவரைப் பார்த்தார், அவள் கணவர் தலையை மிக லேசாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், வேண்டாம் என்பதுபோல அசைத்தார். "ஆமா ஆமா, காத்துல எனக்குத்தான் அப்படித் தோணிருக்கும்," என்று சொல்லிவிட்டு மீசைக்காரர் புல்லட்டுக்குப் போய்விட்டார். அது என்ன தலையசைப்பு? முப்பத்துமூன்று வருடமாக அவள் பார்ப்பது வாயை மட்டுமா, வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை டாக்டர் என்பார்கள், ஆனால் செருப்புக்குள் கால் கட்டைவிரல் சுருண்டிருக்கும், அதைப் பார்த்துத்தான் ஊசியை இன்னும் கொஞ்சம் போடுவாள், பொய் எங்கே ஒளிந்திருக்கும் என்று அவளுக்கா தெரியாது... அவர் கைக்கடிகாரப் பட்டையைத் திருகிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரை மடித்தார், மடித்ததையே மடித்தார். சத்தமே இல்ல என்றார்.

பானெட்டைத் திறந்தாள். எஞ்சின் ஓடுகிறது, காதைக் கிட்டே கொண்டுபோனாள், இல்லை, முனகல்தான், மறுகாதை வைத்தாள், இல்லை, இல்லவே இல்லை. கருவிப்பையில் இருந்த நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள், மெக்கானிக்குகள் அதன் நுனியை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பார்கள், அவளும் எத்தனையோ தடவை செய்திருக்கிறாள், நுனியை மூடியின் மேல் வைத்துப் பிடியைக் காதுக்குப் பின்னால் அழுத்தினாள், மங்கலாக ஏதோ இருக்கிறதா, இல்லை மனப்பிரமையா... அப்புறம் என்ன தோன்றியதோ, சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் கடிக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், பிடியை வாயில் வைத்துப் பல்லால் கடித்தாள். ஒன்று, ஒன்றுமில்லை. இரண்டு, ஒன்றுமில்லை. நுனியை மூன்றாவதுக்கு நகர்த்தினாள். டிக். டிக். டிக். முன்பல்லின் வேரில், ஈறில், மேல்தாடை எலும்பில், ஊசியால் தட்டுகிறாற்போல, அத்தனை தெளிவாக, எட்டு மாதமாக அடித்த அதே டிக் டிக், கொஞ்சம் அடங்கியிருக்கிறதே தவிர ஒரு நாள்கூட நிற்கவில்லை.

அப்படியானால் நின்றது எது... புது டிரில் சத்தமில்லாமல் ஓடுகிறதா, பழையதைவிடக் கூச்சல் போடுகிறதா? மகள் முணுமுணுக்கவில்லையா? வாயில் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தே இருந்தாள், பயமாக இருந்தது, நேரடியாகச் சொன்னால் பயம்தான், அந்தப் பயத்திலும் உள்ளே ஒரு மூலையில் ஒரு திமிர், மூன்றாவதுதான் என்று சரியாகக் கண்டுபிடித்தாயிற்று, காது போனால் பல் இருக்கிறது, விரல் இருக்கிறது. நிமிராமலே ஓரக்கண்ணால் பார்த்தாள், அவர் பையிலிருந்து போனை எடுக்கிறார், மணி அடித்திருக்க வேண்டும், ஓட்டல்காரர்தான், சுவரோரம் நாலடி தள்ளி நின்று பேசுகிறார், இந்தப் பக்கம் முகம் திரும்பியிருந்ததால் உதடு தெரிந்தது, எந்தெந்த உதட்டையெல்லாமோ படித்தவளுக்கு இந்த உதடா கஷ்டம், இல்லைங்க... நின்னுடுச்சு... சுத்தமா இல்ல... குடுக்கறதா இல்லைங்க, மன்னிச்சுக்குங்க. சத்தம் வந்தால் சாவியைக் கொடுத்துவிடுவேன் என்றாள், வந்துவிட்டது, பல்லில் வந்துவிட்டது, இப்போதே போய் அந்தப் போனைப் பிடுங்கி உண்மையைச் சொல்ல வேண்டியவள்தான். அவள் நகரவில்லை. அவர் பொய் சொன்னது வண்டிக்காகவா, எனக்காகவா, எனக்கு இது தெரியக் கூடாது என்றா, தெரியும்போது கையில் வண்டியாவது இருக்கட்டும் என்றா?

பானெட்டைச் சாத்தினாள். எதிர்ப்பக்கம் வந்து நின்ற அவர், அவள் துணியால் கையைத் துடைத்து, ஸ்க்ரூ டிரைவரின் பிடியில் பதிந்த பல் தடத்தைத் துடைத்து, பையில் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தார், அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தார். "போலாமா?" இவ்வளவு நேரமும் அதற்காகத்தான் நின்றாரா, இன்றைக்கு மட்டுமா, நேற்று, போன மாதம், பிரியம் கூடிவிட்டது என்று அவள் நினைத்த அத்தனை நாளுமா... "ஏறுங்க," என்றாள். அவர் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தினார், சரியாகச் சாத்தினார், இதை எப்போது கற்றுக்கொண்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை. முதல் கியரைப் போட்டுவிட்டு, சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "இறங்கறப்ப வளைவு நிறைய இருக்கு. நான் திரும்பி முடிச்சதும் இண்டிகேட்டர நீங்க நிறுத்திடுங்க." பதில் வரவில்லை, அல்லது வந்திருக்கலாம். அவள் அவர் பக்கம் திரும்பினாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவள் திரும்புவதற்காகக் காத்திருந்தார்.