ஏறிய கார், இறங்காத ஹென்னிங்

…திறக்காது, இதோடு ஏழு தடவை ஆயிற்று, ஏழாவது தடவையும் கதவு நாலு விரல் அகலம் திறந்து டிரெய்லரின் மட்கார்டில் டொக்கென்று முட்டி நின்றது, முதல் ஆறு தடவை முட்டிய அதே இடத்தில், ஏழாவது தடவை இரும்பு மனசு மாறிவிடும் என்று எதை வைத்து நம்பினோம்… ஹென்னிங்குக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு இருபது. வாசலில் வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்த புது டிரெய்லர், அதன்மேல் இடுப்பளவு உயரமே உள்ள பச்சைப் பந்தயக் கார், காருக்குள் ஐம்பத்து மூன்று வயது ஹென்னிங், மடியில் ஹெல்மெட். ஒன்பது மணிக்குப் பழைய விமானத் தளத்தில் பந்தயக் கார் சங்கத்தின் இந்த வருடக் கடைசி ஓட்டம், ஒரு மணி நேரப் பயணம், எல்லாம் தயார், அவன் இறங்கி முன்னால் நிற்கும் இழுவைக் காருக்குப் போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி. ஏறும்போது எவ்வளவு அழகாக ஏறியது, மூக்கு எங்கேயும் உரசவில்லை, அடிவயிற்றில் ஒரு கீறல் இல்லை, மூன்று மாதக் கணக்கு அப்படியே பலித்துவிட்டது.

மூன்று மாதம். கட்டம் போட்ட தாளில் காரை ஏற்றும் சாய்வுப் பலகையின் நீளம், சாய்வு, மூக்கு உயரம் எல்லாம் போட்டுப் பார்த்தான். சக்கரம் தட்டுக்கு அடியில் இருக்கும் டிரெய்லர் என்றால் தட்டு உயரம், உயரமென்றால் ஏற்றம் செங்குத்து, மூக்கு போச்சு. சக்கரம் பக்கவாட்டில் இருந்தால் தட்டு தாழ்வு, மூக்கு பிழைத்தது. இதைக் கண்டுபிடித்த அன்று இரண்டு பியர் குடித்தான். பக்கவாட்டில் சக்கரம் இருந்தால் அதன்மேல் மட்கார்டும் இருக்கும் என்பது தாளில் வரவில்லை, தாளில் காரை ஓட்டி ஏற்றுகிற ஆளே இல்லை. விற்பவனின் முற்றத்தில் மனைவி வீப்கேதான் கேட்டாள், சரி, ஏத்திட்டு நீ எப்படி வெளிய வருவ என்று. கதவத் திறந்துதான், வேற எப்படி வருவாங்க, என்று இவன் சொல்ல, விற்பவன் கூடச் சிரித்தான். அப்புறம் கையால் சுற்றி இழுக்கிற வின்ச் ஒன்றைக் காட்டினான், ஆள் ஏறவே வேண்டாம் என்றான். ஓடுற காரைக் கன்னுக்குட்டி மாதிரி கயிறு கட்டி இழுக்கறதா, என்று அதையும் மறுத்தாயிற்று. பக்கத்து வீட்டு ஃபோல்கெர்ட் நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று டிரெய்லரை முழுசாக அளந்துவிட்டு, என்னப்பா, கார் வாங்கின, காரைச் சுமக்க வண்டி வாங்கின, வண்டிய இழுக்க இன்னொரு கார் வாங்கின, இப்ப மொத்தத்துல நீ எதுலதான்பா போவ, என்றான்.

யோசி. ஜன்னல் பாதிதான் இறங்கும், தலை போயிற்று, தோள் போகவில்லை, இடுப்பைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அந்தப் பக்கக் கதவுக்கும் ஒரு மட்கார்டு, சமச்சீரான வேலைப்பாடு. பின்னால் எஞ்சின். போன் சமையலறையில் சார்ஜில். ஹாரன் இருக்கிறது, ஆனால் ஞாயிறு சத்தம் போடக் கூடாது என்பது இங்கே சட்டம், காலையில் இந்தத் தெருவில் புல் வெட்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, ஹாரன் அடித்தால் இருபது வீட்டுத் திரையும் விலகும், முதல் திரை ஃபோல்கெர்ட்டுடையது. ஏறின வழியே பின்னால் இறங்கலாமே… பலகைகள் இன்னும் கீழேதான் கிடக்கின்றன, ஆனால் உள்ளிருந்து அவை கண்ணில் படாது, டயருக்கு இரு பக்கமும் மூன்று விரல்தான் இடம், தவறினால் கார் பலகையில் வயிறு வைத்துப் படுத்துவிடும். யாராவது பின்னால் நின்று கை காட்ட வேண்டும். யாராவது என்றால் யார். ஐந்து வருடம் முன்பு டென்மார்க் விடுமுறை முகாமில், காரில் இழுத்துப் போகும் வீட்டு வண்டியான கேரவனைப் பின்னால் எடுக்கும்போது வீப்கே கை காட்டினாள், சுற்றிலும் மடக்கு நாற்காலிகளில் முகாமே உட்கார்ந்து காப்பியோடு வேடிக்கை பார்த்தது, கேரவன் தண்ணீர்க் குழாயில் மோதியது, இவன் இறங்கி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இனிமே நீ கையே காட்டாத, கைய பாக்கெட்ல வெச்சுக்க, என்றான். வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவன் எதைப் பின்னால் எடுத்தாலும் அவள் வெளியே வருவதில்லை. நல்லது என்றுதான் நினைத்திருந்தான்… நல்லதாகத்தான் இருந்ததா?

வீட்டுக் கதவு திறந்தது. வீப்கே, கையில் பெட்டி. ஆமாம், ஏழு ஐம்பது பஸ், அக்கா வீட்டுக்கு, புதன்கிழமைதான் திரும்புவாள். புதன்கிழமை. அதுவரை சாப்பாட்டுக்கு ஒரு வாழைப்பழம் இருக்கிறது, ஹெல்மெட்டுக்குள்.

"இன்னும் கிளம்பலயா?"

"கிளம்பணும்."

"உள்ள உக்காந்து என்ன பண்ற?"

"சும்மா. ஒரு தடவ பாத்துக்கலாம்னு."

அவள் கதவைப் பார்த்தாள், மட்கார்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லியிருந்தால் எவ்வளவோ தேவலை, இவனும் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பஸ்ஸுக்குப் பதினோரு நிமிஷம் இருக்கு. சரி, நல்லா ஓட்டு."

தெருவை நோக்கி ஆறடி நடந்துவிட்டாள். கூப்பிடு, இப்போது கூப்பிடு… வீப்கே, என்றான், ஜன்னல் இடுக்கு வழியாக, ஃபோல்கெர்ட்டுக்குக் கேட்காத அளவில்.

"என்ன வேணும்னு வாயத் தொறந்து சொல்லு, ஹென்னிங்."

"பின்னால நின்னு… கொஞ்சம் கை காட்டேன்."

பெட்டியைப் புல்லில் வைத்தாள். பக்கக் கண்ணாடியில் அவளுடைய கோட்டும், பாக்கெட்டுக்குள் இரண்டு கைகளும் தெரிந்தன, வெகு நேரம் அவை அங்கேயே இருந்தன. இவன் எஞ்சினை முடுக்கினான், ரிவர்ஸ் போட்டான், தெருமுனையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்டது, அதற்குள் வந்துவிட்டதா, அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வலது கை மட்டும் வெளியே வந்து மேலே உயர்ந்தது, உள்ளங்கை இவனைப் பார்த்து, விரல்கள் லேசாக மடங்கி விரிந்தன… நில் என்கிறாளா, வா என்கிறாளா, முகாமிலும் கை இப்படித்தான் ஆடியது, அதற்கு முன்பு பத்துப் பதினைந்து கோடைகளிலும் இப்படித்தான், ஒரு தடவைகூட என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொண்டதில்லை, பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் தன் கணக்குப்படி ஓட்டியிருக்கிறான், அப்படியென்றால் அந்தக் குழாய், அன்று அவள் நில் என்றுதான் காட்டினாளோ… பஸ் நின்று, கதவு மூடி, போயிற்று. அவள் கை இன்னும் மேலேயே இருந்தது. இந்தத் தடவை அர்த்தம் தெரியாமல் நகர்வதில்லை என்று இவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.