டெஸ்ஸின் ஒற்றை மணி

இரண்டு கையிலும் லாமிங்டன் கேக் பெட்டிகளோடு, முதுகால் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு டெஸ் வந்தபோது க்வெண்டா தன் குறிப்பேட்டைச் சட்டென்று மூடினாள். ஆஸ்திரேலியாவின் பெர்த் ஆய்வகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. நானூறு கோடி ஆண்டைத் தாண்டிய சிர்கான் என்னும் படிக மணி யாருக்கு அகப்படுகிறதோ, அவர் செலவில் எல்லோருக்கும் லாமிங்டன்.

அந்த வயதுள்ள மணிகள் வடக்கே ஜாக் ஹில்ஸ் பாறையில் கிடைக்கும். டெஸ்ஸோ பதினோரு வருஷமாகத் தெற்கே ஒரு சொட்டைக் குன்றைக் கட்டிக்கொண்டு அழுதான். பூமியின் முதல் மேலோட்டில் ஒரு துண்டு அங்கேயும் மிஞ்சியிருக்கிறது என்பான். சிரிக்காதவர்கள் கிடையாது. நேற்று கருவி அந்தக் குன்றின் எண்பத்தாறு மணிகளுக்கு வயது சொல்லியது. எண்பத்தைந்துக்கு முந்நூற்று முப்பது கோடியை ஒட்டி. ஒன்றுக்கு மட்டும் நானூற்று முப்பத்தைந்து கோடி. அறுபத்து மூன்று வயது மனிதன் நடைகூடத்தில் குதித்தான். இன்று மதியம் கான்பெராவில் இருக்கும் நிபுணர்களுக்கு இதை எழுதப்போகிறான்.

பாறையை நொறுக்கிச் சலித்து மணி பொறுக்கித் தருபவள் க்வெண்டா. ஒவ்வொரு பாறைக்கும் புதுச் சல்லடைத் துணி, பழையது குப்பைக்கு. இருபத்திரண்டு வருஷமாக அவள் பிறரைத் திட்டித் திட்டிக் காப்பாற்றிய விதி அது. ஆனால் மார்ச்சில் ஒரு நாள் துணி தீர்ந்துவிட்டது. டெஸ் வாசலிலேயே நின்று நச்சரித்தான். ஜாக் ஹில்ஸ் பாறையைச் சலித்த துணியைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அதிலேயே சலித்தாள். இன்று காலை குறிப்பேட்டைத் திறந்தால் அவள் கையெழுத்திலேயே இருந்தது: கழுவிய துணி. முடியின் தடிமன்கூட இல்லாத ஒரு ஜாக் ஹில்ஸ் மணி அந்தக் கண்ணிகளில் ஒட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்? வாயை மூடிக்கொள்ளலாம். டெஸ்ஸின் முகத்தைப் பார்த்தபோது மூடிக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது.

“டெஸ், பெட்டிய வச்சுட்டு உள்ள வா.”

“முதல்ல ஒண்ணு எடு. பதினோரு வருஷ லாமிங்டன்.”

அவள் குறிப்பேட்டை நீட்டினாள். அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தான்.

“எந்தத் துணி?”

“ஜாக் ஹில்ஸ் துணி.”

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

“சொல்லாம இருந்திருக்கலாமே, கெழவி.”

“இருந்திருக்கலாம். உன் மூஞ்சியத் தினம் பாக்கணுமே.”

டெஸ் எழுந்து கூடத்துக்குப் போனான். தேநீர்க் கோப்பைகளோடு எல்லோரும் காத்திருந்தார்கள்.

“அந்த மணி நம்ம குன்றோடதுன்னு சொல்ல முடியாது. துணி கழுவின துணி. அவசரப்படுத்தினது நான். கடையில லாமிங்டனத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க, தின்னுங்க.”

“அவன் ஒண்ணும் பண்ணல, நான்தான்” என்றாள் பின்னாலிருந்து க்வெண்டா.

“சும்மா இரு. பாறை பாதி மூட்டை மிச்சமிருக்கு. துணி இருக்கா?”

“ஒரு முழு உருளை இருக்கு.”

நொறுக்கவும் சலிக்கவும் நான்கு நாள் ஆயிற்று. புதுத் துணியை அவள் கண்ணெதிரில் டெஸ்ஸே வெட்டினான். ஐந்தாம் நாள் நுண்ணோக்கியின் கீழே மணிகள் சர்க்கரைபோல் பரவிக் கிடந்தன. எது பழையது என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. கருவிதான் சொல்ல வேண்டும். இம்முறை அது வெறும் முந்நூற்று முப்பது கோடி என்று மட்டுமே சொல்லலாம். அது இருவருக்கும் தெரியும்.

டெஸ் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

“மூச்சு விடாத. பறந்துரும்” என்றாள்.

ஊசி முனையில் முதல் மணி ஏறியது. டெஸ் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.