கை படாத தண்ணீர்

அது எழுபத்தொன்றா, எழுபத்திரண்டா என்று எனக்கு நிச்சயமில்லை. பீர்க்கன்கரணை ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கோடை என்று நினைவு. அதுவே வேறொரு கோடையாகவும் இருக்கலாம். பாதி நான் பார்த்தது, பாதி ரத்தினபாய் டீச்சர் பின்னாளில் சொன்னது. எது எதென்று இப்போது பிரித்துச் சொல்ல வராது.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவிலேயே டீச்சர் வீட்டில்தான் வாட்டர் பில்டர் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பீங்கான் ஜாடிகள். மேல் ஜாடியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால், அதற்குள் நட்டு வைத்த இரண்டு வெள்ளை மண் கேண்டில்கள் வழியாகக் கசிந்து கீழ் ஜாடியில் சொட்டுச் சொட்டாகச் சேரும். அடியில் ஒரு குழாய். சனிக்கிழமைதோறும் ரத்தினபாய் கேண்டில்களைப் பிரஷ்ஷால் தேய்ப்பாள். மாதம் ஒருமுறை கீழ் ஜாடியையும் வெந்நீர் விட்டுக் கழுவிக் கவிழ்ப்பாள்.

அந்த வருஷம் பக்கத்து வீட்டுத் தோத்தாத்ரிக்கு மஞ்சள் காமாலை வந்தது. கிண்டியில் ஏதோ ஆபீசில் வேலை. திருநீர்மலை ஏறிச் சேவித்துவிட்டு வந்தால்தான் அவருக்குச் சனிக்கிழமை சாப்பாடு. வெளியில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. கிணற்றுத் தண்ணீர் கூடாது, பில்டர் தண்ணீர் குடியுங்கள், இல்லையென்றால் காய்ச்சிக் குடியுங்கள் என்றார் டாக்டர். காய்ச்சின தண்ணீரை ருசியில்லை என்று தோத்தாத்ரி துப்பிவிட்டார். படுத்தபடியே இரண்டு நாள் யோசித்து அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். அதைச் சொல்ல அவர் மனைவி திரிபுரசுந்தரி வெள்ளிக் கூஜாவோடு வந்து வாசலில் தயங்கி நின்றாள்.

"மண்ணுக்குள்ள ஊறி வரது ஊத்துத் தீர்த்தம் மாதிரிதானாம் டீச்சர். அதுக்கு தோஷமில்லையாம். ஆனா கீழ விழுந்தப்புறம் யார் கையும் படப்படாதுங்கறார். குழாயை நானே திறந்து பிடிச்சுக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்கோ."

"இதுல என்ன மாமி இருக்கு. சார் எழுந்து உட்காரட்டும், அது போதும்" என்றாள் ரத்தினபாய்.

அவள் கணவர் வில்பிரட் உள்ளேயிருந்து சிரித்தார். "கல்யாணமான நாள்லேர்ந்து உன் கையால சாப்பிடறேன். எனக்கு ஒரு தோஷமும் வரலியே?"

"வந்தாலும் நீங்க சொல்லுவீங்களா? ஆபீசுக்கு லீவு கிடைச்சுதுன்னு போர்வையை இழுத்து மூடிக்குவீங்க."

அன்றிலிருந்து ரத்தினபாய் கீழ் ஜாடிக்குள் கை விடவில்லை. கொடுத்த வாக்கு அது. சனிக்கிழமைகளில் மேல் ஜாடியை இறக்கி வைத்ததும், இஸ்திரி போட்ட வெள்ளைத் துணியால் கீழ் ஜாடியை மூடிவிடுவாள். கேண்டில்களை முன்னைவிட இரண்டு மடங்கு அழுத்தித் தேய்த்தாள். வடிகட்டின தண்ணீர்தானே, அதில் என்ன அழுக்கு சேர்ந்துவிடும் என்று நினைத்தாள். தோத்தாத்ரியின் கண்கள் மெல்ல வெளுத்தன. வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். டீச்சரைப் பார்த்தால் எழுந்து நின்று கும்பிட்டார். பேசமாட்டார்.

கோடை முற்றியபோது அவருக்கு மறுபடி சுரம் வந்தது. "வயித்தாலயும் போறது டீச்சர். உங்காத்து தீர்த்தத்தைத் தவிர ஒரு சொட்டு வேற குடுக்கலை. என்னன்னே புரியலை" என்று அழுதாள் திரிபுரசுந்தரி.

அன்று சாயங்காலம் ரத்தினபாய் மேல் ஜாடியை இறக்கி வைத்துவிட்டு, கீழ் ஜாடியை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். அடியில், குழாய் பொருந்தும் இடத்தைச் சுற்றி, கஞ்சி ஆடை போல ஏதோ படிந்திருந்தது. விரலை விட்டாள். வழுக்கியது. முகர்ந்து பார்த்தாள். குளத்துப் படியின் வாடை.

வில்பிரட் வந்து பார்த்தார். அடுப்பில் வெந்நீர் போட்டார். அவள் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் தேய்த்தாள். குழாயைக் கழற்றி அதன் தொண்டைக்குள் துணியைத் திரித்து விட்டு எடுத்தாள்.

காலையில் கூஜா வந்தது.

"மாமி, கீழ் ஜாடியை நேத்து கழுவிட்டேன்."

"கையாலயா?"

"கையாலதான். உள்ள ஒரே பிசுக்கு. நாமதான் மாமி அதைச் சாருக்குக் குடுத்துட்டிருந்திருக்கோம். இப்பத்தான் சுத்தமா இருக்கு. ஒண்ணும் சொல்லாம கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

திரிபுரசுந்தரி கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு தரமும் கேக்கறாரே. கை படலையேன்னு கேட்டுட்டுத்தான் வாயில விட்டுக்கறார். எனக்கு அவர்கிட்ட பொய் வராது டீச்சர். மூஞ்சியைப் பாத்தே சொல்லிடுவார்."

"அப்ப நீங்களே உள்ள வந்து இன்னொரு தரம் கழுவுங்க. உங்க கை படலாமில்ல?"

திரிபுரசுந்தரியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "கேட்டுட்டு வந்துடறேன்" என்று வேகமாகப் போனாள்.

ரத்தினபாய் பில்டர் பக்கத்திலேயே காத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தோத்தாத்ரியின் குரல் கேட்டது. உரத்த குரல் இல்லை. வார்த்தையும் புரியவில்லை. கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகும் ரயில் ஒன்று கூவிப் போயிற்று. அதற்கப்புறம் அவர்கள் வீட்டுக் கிணற்று ராட்டினம் உருளத் தொடங்கியது.

அவள் கொல்லைக்கு ஓடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "மாமி, காய்ச்சியாவது குடுங்க மாமி!"

திரிபுரசுந்தரி திரும்பிப் பார்க்காமலே, "காய்ச்சினா துப்பறார் டீச்சர்" என்றாள். கயிற்றை இழுப்பதை அவள் நிறுத்தவில்லை.

நாலைந்து நாளில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தினபாய் அங்கே போய், ஜாடியைப் பற்றி டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அந்தத் தண்ணியைத்தானே நீங்களும் குடிச்சீங்க?"

"ஆமாம் டாக்டர்."

"உங்க வீட்டுல யாருக்காவது சுரம்?"

"யாருக்கும் இல்லை."

"அப்புறம் என்னம்மா?" என்று அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

தோத்தாத்ரி ஆனி மாதம் இறந்தார். ஜாடித் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா, இரண்டுமே இல்லையா என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. திரிபுரசுந்தரி ஸ்ரீரங்கத்தில் தம்பி வீட்டுக்குப் போனாள். போகிற அன்று டீச்சரிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். இரண்டு வருஷம் பொங்கலுக்குக் கார்டு வந்தது, பிறகு வரவில்லை. வில்பிரட் ரிட்டயராகி மூன்றாம் வருஷம் மாரடைப்பில் போனார். ரத்தினபாய் வீட்டை விற்றுவிட்டு, வேலூரில் தங்கை மகளோடு இருந்தாள். அங்கேயே இறந்தாள்.