நான்காம் அறைக்கு ரோஸ்

"ஜைனுதீன் ஹாஜியாருக்கு என்ன கலர் புடிக்கும், மீராசாஹிப் முதலாளி? ஒங்க தெருக்காரர்தானே" என்று டொக்டர் என் பெயின்ட் கடைக்கே வந்து கேட்டார். மாத்தளையில் அவர் நடத்தும் சிறிய ஆஸ்பத்திரியில், நெடுநாள் படுக்க வருகிறவர்களுக்கு அவர்கள் விரும்பும் நிறத்தில் அறையடித்துக் கொடுப்பார். சீக்கிரம் தேறுகிறார்களாம். ஜைனுதீன் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டு கண்டியில் கிடந்தான். அடுத்த கிழமை இங்கே கொண்டுவந்து, காலைக் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு மாதம் மல்லாத்திப் போடப்போகிறார்கள்.

"தெரியும் டொக்டர். நானே கலந்து அடிச்சுத் தாறேன். சும்மாவே" என்றேன்.

எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? எண்பத்தொன்பதில் அவன் மகன் சாலிஹுக்கு என் மகள் ஸரீனாவைப் பேசி முடித்தபோது, மாப்பிள்ளை குடிவரப்போகும் அறையைப் பார்க்க அவனே வந்தான். என் வெள்ளைச் சுவரைத் தட்டிப் பார்த்து, "இதென்ன மையத்து கெடத்தின வீடு மாதிரி ஈக்கி? ரோஸ் அடிங்க" என்றான். அடித்தேன். புதுக் கட்டில் வந்தது. ஐந்து நாள் இருக்கும்போது ஊரடங்கைக் காட்டிக் கல்யாணத்தைத் தள்ளிவைத்தான். ஊரடங்கு எடுத்த கிழமையே தம்புள்ளைக் காய்கறி முதலாளி வீட்டுக்கு சாலிஹ் மாப்பிள்ளையானான். நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் குடும்பத்துப் பெண்ணை அதுவரை எவனும் வேண்டாமென்றதில்லை. ஒன்பது வருடமாக ஒவ்வொரு நோன்புக்கும் ஸரீனா கேட்பாள்: "வாப்பா, என்ட அறைக்கு வெள்ள அடிப்பமா?" "இரிக்கட்டும்" என்பேன். அவன் செய்ததற்கு அந்தச் சுவர்தான் சாட்சி.

அவள் குசினியில் இருந்த நேரம் அவள் அறைக் கதவுக்குப் பின்னால் சுவரைக் காசளவு சுரண்டி எடுத்தேன். வெள்ளை டிஸ்டெம்பரில் சிவப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காயவைத்து, ஒத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய், அங்கே நான்காம் அறையில் நான்கு சுவரும் அடித்து, சீலிங்கும் அடித்தேன்.

அவன் வந்த மூன்றாம் நாள் போய், கட்டிலுக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அறை எப்படி?"

"நல்லா ஈக்கி. ஆரு இத..." நிறுத்தினான். கண் சுவரில் ஏறி, சீலிங்குக்குப் போய், என்னிடம் வந்து நின்றது. "மிஸ்ஸி, கட்டிலத் திருப்பச் சொல்லுங்க!"

"கால் தொங்குதே ஹாஜியார், ஏலாது. திருப்பினாலும் அந்தப் பக்கமும் ரோஸ்தான்" என்று தாதி சிரித்தாள். எனக்கு வயிறு நிறைந்தது.

நான் எழும்பும்போது அவன் மெதுவாகக் கேட்டான்: "மீராசாஹிப், அந்தப் புள்ள இன்னும் அந்த அறையிலயா படுக்குது?"

கதிரையைச் சுவரோரம் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். அதைக் கேட்க இவன் யார் என்று வழியெல்லாம் கொதித்தேன்.

வீட்டில் ஸரீனாவின் அறையிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. நான் சுரண்டிய காசளவு, ஆளுயரத்துக்கு விரிந்திருந்தது. உள்ளே பழைய வெள்ளை. அவள் கண்ணிமையிலும் ரோஸ் தூள்.

"ஆஸ்பத்திரில அடிச்சி முடிஞ்சிதானே வாப்பா. இனி இது என்னத்துக்கு?"

திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். கை நிற்கவில்லை. மாப்பிள்ளைக்கென்று வாங்கிய கட்டிலின் மேல் தூள் விழுந்து விழுந்து படிந்துகொண்டிருந்தது.