எட்டு ஜிபி ரேம்

ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்கிடம் பழுதைப் பற்றி யாரும் யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவருடைய பழைய கம்ப்யூட்டர் ஞாயிறுதோறும் மகளின் முகத்தைப் பாதிச் சிரிப்பில் நிறுத்திவிடும். இரண்டு ஜிபி மெமரியை வைத்துக்கொண்டு வீடியோவில் பேசுவது நடக்கிற காரியமா, பேசாமல் புதிதாக ஒன்று வாங்குங்கள் என்றார் கடைக்காரர். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா என்று கேட்டுவிட்டு, எட்டு ஜிபி ரேம் என்கிற மெமரி அட்டை ஒன்றை மட்டும் வாங்கி வந்தார் மெக்கானிக்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அட்டையின் விளிம்பில் இருந்த வெட்டு கம்ப்யூட்டரின் பள்ளத்தில் பொருந்தவில்லை. பழையதைக் கழற்றி எடுத்துப்போய்க் காட்டாமல், வாய்க்கு வந்த ரகத்தைச் சொல்லி வாங்கியிருந்தார். ஆயுசு முழுக்க லிஃப்ட் கதவுப் பூட்டை நூல் பிசகாமல் பொருத்திய மனுஷனுக்கு இது தேவைதான்! மறுபடி போய், கடைக்காரரின் சிரிப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு திரும்பினார்.

கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு தலையணை தைக்கிற அளவுக்குத் தூசி. பிரஷ்ஷால் தட்டி, ரப்பரால் ரேமின் முனையைத் துடைத்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். 'டக்' என்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் எழுந்துகொண்டது.

"பாத்தியா?" என்று சமையலறைப் பக்கம் திரும்பினார். அங்கே யாருமில்லை. மனைவி போய் மூன்று வருஷமாகிறது. இந்தப் பாழாய்ப்போன பழக்கம் மட்டும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் பளிச்சென்று தெரிந்தாள், காதோரத்து நரைமுடி உட்பட. சாப்பிட்டாச்சா என்று கேட்டாள், மாத்திரை போட்டாச்சா என்று கேட்டாள், மழை உண்டா என்று கேட்டாள். அவரும் கேட்டார், ரேம் மாற்றிய கதையையும் சொன்னார். நாலே நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துபோயிற்று. முன்பெல்லாம் முக்கால் மணி நேரம் ஓடும். அத்தனையும் 'கேக்குதா', 'இப்ப தெரியுதா', 'இருங்க மறுபடி கூப்பிடுறேன்' என்பதுதான் என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்போ வச்சிடட்டுமாப்பா?"

அவர் வாயைப் பாதி திறந்தபடி, கண் இமைக்காமல், அப்படியே அசையாமல் இருந்துவிட்டார்.

"அப்பா? ஐயோ, நின்னுடுச்சா? கேக்குதா?" என்று ஆரம்பித்தாள் அவள். அந்த ஓட்டை டப்பாவைத் திட்டினாள், கடைக்காரரைத் திட்டினாள், அப்பா மெக்கானிக் வேலை பார்த்த அழகைத் திட்டினாள். அவருக்குக் காதில் தேன் பாய்ந்தது. கண் எரிந்தது, பொறுத்துக்கொண்டார். திடீரென்று அவள் திரையை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக, "பின்னாடி ஃபேன் சுத்துதே."

அவர் இமைத்தார். இமைத்ததும் கண்ணீர் வழிந்துவிட்டது. தூசி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"நான் வைக்கலப்பா. நீங்க பேசுங்க."

என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். படம் ஓரிடத்திலும் நிற்கவில்லை.